முதுகு வலிக்குப் போட்டது

அஞ்சு எம்எம்மா. உட்காருங்க சார். அந்த ஸ்டூல் ஈரம், இந்தப் பக்கம் உட்காருங்க. அஞ்சு எம்எம் தடிமன்ல டைவிங் சூட் வேணும்னு கேட்டு வர்றவங்களைக் கொஞ்ச நேரம் பேசாம நான் அனுப்பறதில்ல. முதலாளிக்கு அது பிடிக்காது. எனக்கும் முதலாளிகிட்ட நெறைய பிடிக்காது.

எந்த ஊரு நீங்க? கோயம்புத்தூரா. காலையில வெந்நியிலதான குளிப்பீங்க? நெனச்சேன்.

ஃபேன் காத்து வரலையா? வராது. எனக்கும் வராது. அது சூட்டுங்களுக்கு. மனுஷன் வெந்தாலும் பரவாயில்ல, சூட் நாறக்கூடாதுன்னு இங்க சட்டம். ஆனி மாச வெயில், மேல தகர ஷீட்டு. வேர்க்கத்தான் செய்யும். என்ன அப்படிப் பாக்கறீங்க? எனக்கு எப்பவுமே வேர்க்கும், ஒடம்பு வாகு.

நான் சொல்றதைக் கேளுங்க. இது புதுச்சேரிக் கடல். மலையிலேருந்து ஐஸ் உருகி வர்ற ஏரி இல்ல. கைய விட்டுப் பாருங்க, ஆறின கஞ்சி மாதிரி இருக்கும். இதுல எறங்க அஞ்சு எம்எம் எதுக்கு? மூணு போதும். மூணுகூட ஜெல்லிமீன் ஒரசாம இருக்கத்தான். பதினாலு வருஷம் இந்தக் கடல்ல ஆளுங்களைக் கூட்டிட்டு எறங்கினவன் சொல்றேன். ஆமா சார், இந்த ரூம்ல சூட் எடுத்துக் குடுக்கறவன்னு நெனச்சுப் பேசாதீங்க. நான் இன்ஸ்ட்ரக்டர். பேரு தேசிங்கு. துறையில யாரை வேணா கேளுங்க. இப்போதைக்கு இங்க உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான். பதினோரு மாசமா.

அந்த போர்டைப் பார்த்துட்டுத்தான அஞ்சு கேக்கறீங்க? 'மேலே இருபத்தெட்டு, அடியில் இருபத்து மூணு.' தண்ணியோட டிகிரி, வெண்மதி எழுதினது. என் காலத்துல ஒரே நம்பர்தான், இருபத்தொம்பது. தெனமும் காலையில படகு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வாளி கடல்தண்ணி மொண்டு படகு மேல வைப்பேன். சிலிண்டரெல்லாம் ஏத்தி முடிச்சதும் தெர்மாமீட்டரை வாளிக்குள்ள விட்டுப் பார்ப்பேன். சாக்பீஸ எடுத்து எழுதிடுவேன். பதினாலு வருஷத்துல இருபத்தெட்டுக்குக் கீழ ஒரு நாள் எழுதினதில்ல. சிலிண்டர் ஏத்த அரை மணி ஆகும், அதுவரைக்கும் வாளி வெயில்லதான் இருக்கும். அதனால என்ன? கடலும் வெயில்லதான இருக்கு.

இதைத்தான் அவ பெரிய குத்தமா புடிச்சா. வெண்மதின்னு சொன்னேனே, கடலூர்க்காரி. ஸ்கூல்ல நீச்சல் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவ, என்கிட்ட அசிஸ்டெண்டா வந்து சேர்ந்தா. வந்த நாள்லேருந்து அஞ்சு எம்எம், தலைக்கு ஒரு குல்லா வேற. நான் கம்பளிப்பூச்சின்னு பேரு வச்சேன். படகுல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளும் சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே கையில இருக்கற கம்ப்யூட்டர் வாட்ச்சைப் பார்த்து, எத்தனை மீட்டர்ல எத்தனை டிகிரின்னு ஒரு நோட்டுல எழுதிக்குவா. அண்ணே, வாளி வாளியோட சூட்டைத்தான் காட்டும்னு ஒரு நாள் சொன்னா. நான் பதில் சொல்லல. அசிஸ்டெண்டுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா படகு ஓட்ட முடியாது.

அவ கணக்கு என்னன்னா, நம்ம ஒடம்பு முப்பத்தேழு, தண்ணி இருபத்தெட்டா இருந்தாலும் அது நம்மகிட்டேருந்து சூட்டை உருவிக்கிட்டேதான் இருக்குமாம். மொத டைவ்ல தெரியாதாம், ரெண்டாவது டைவ்லதான் காட்டுமாம். ஒல்லியா இருக்கறவங்களுக்குச் சீக்கிரம் காட்டுமாம். ஆழத்துக்குப் போனா தண்ணி அமுக்கி, மூணு எம்எம் நைஞ்ச துணி மாதிரி ஆயிடுமாம். அமுங்கறது எனக்கும் தெரியும். நான் சொல்லிக் குடுத்ததுதான் அது. அதுக்காகக் குளிருது குளிருதுன்னு ஊரைக் கூட்டணுமா? குளிருங்கறது மனசு சார். பயந்தவனுக்குத்தான் குளிரும்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. போன வருஷம் ஆடி மாசம். அமுதவல்லி டீச்சர்னு திண்டிவனத்துக்காரங்க. அம்பத்திரெண்டு வயசு. கையெல்லாம் வெறும் எலும்பு. மொத கோர்ஸ் முடிச்சிட்டு, ஆழத்துக்குப் போற ரெண்டாவது கோர்ஸுக்கு வந்திருந்தாங்க. இந்த ரூம்ல, இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே எடத்துல நின்னு அஞ்சு எம்எம் இருக்குமான்னு கேட்டாங்க. நான் போர்டைக் காட்டினேன். இருபத்தொம்பதுன்னு எழுதியிருக்கு, நீங்க படிச்சுச் சொல்றவங்கதானே டீச்சர்னேன். பேசாம மூணை வாங்கிக்கிட்டாங்க.

மொத டைவ் பன்னெண்டு மீட்டர். ஒரு பிரச்சினையும் இல்ல. அத எழுதி வச்சுக்குங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. அப்புறம் படகுல ஒரு மணி நேரம் ஓய்வு. அன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி. டீச்சர் ஈர சூட்டோட ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. ஒதடு வெளுத்திருந்துச்சுன்னு பின்னாடி சொன்னாங்க, நான் ஒதட்டையெல்லாம் பாக்கல. வெண்மதி எப்பவும் ஒரு அஞ்சு எம்எம் சூட்டை உபரியா பையில எடுத்துட்டு வருவா. அதை டீச்சருக்குப் போட்டு விடட்டுமான்னு என்கிட்ட கேட்டா. படகோட்டி ஏகாம்பரமும் சேர்ந்துக்கிட்டாரு. ரெண்டு நாளா அடித்தண்ணி ஜில்லுன்னு இருக்காம், வலை இழுக்கறப்ப அடியில கெடக்கற ஈயக்கயிறு கைய கடிக்குதாம். வலை இழுக்கறவருக்கு டைவிங்கைப் பத்தி என்ன தெரியும்?

எனக்கு ஒரு நியாயமான காரணம் இருந்துச்சு சார். சூட் தடிமன் கூடினா ஆளு மெதந்துடுவாரு, கீழ எறங்க முடியாது. மூணுலேருந்து அஞ்சுக்கு மாத்தினா இடுப்புல ரெண்டு கிலோ ஈயக்கட்டி கூடுதலாக் கட்டணும். நடுக்கடல்ல அதையெல்லாம் திருப்பிக் கணக்குப் பண்ணிக்கிட்டு இருக்க முடியுமா? இதைப் பொறுமையா சொல்லியிருக்கலாம். நான் கொஞ்சம் தமாஷா சொன்னேன். டீச்சர், அப்படியே ஒரு பாயும் தலகாணியும் கொண்டு வந்திருக்கலாமேன்னேன். கூட ரெண்டு பசங்க சென்னையிலேருந்து வந்திருந்தானுங்க, அவனுங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. டீச்சரும் சிரிச்சாங்க. சிரிச்சிட்டு, வேணாம்மா, எனக்கு இதுவே போதும்னு வெண்மதிகிட்ட சொல்லிட்டாங்க. அவங்க வாயால சொன்னது. நான் யாரையும் கட்டாயப்படுத்தல.

ரெண்டாவது டைவ் இருபத்தஞ்சு மீட்டர். நான் முன்னாடி, டீச்சரும் பசங்களும் நடுவுல, வெண்மதி பின்னாடி. பதினெட்டு மீட்டர் தாண்டினதும், சரி, கொஞ்சம் ஜில்லுன்னுதான் இருந்துச்சு. ஐஸ்பெட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரின்னு அந்தப் பசங்க சொன்னானுங்க. பசங்க எதையும் கூட்டித்தான் சொல்லுவானுங்க. நான் திரும்பி டீச்சரைப் பார்த்து, நல்லா இருக்கீங்களான்னு கையால கேட்டேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாக் காட்டினாங்க. நல்லா இருக்கேன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கேட்டேன். திரும்பக் காட்டினாங்க. அந்தத் தடவை விரல் ரெண்டும் சரியா ஒட்டல, கை ஆடிக்கிட்டு இருந்துச்சு. பயம்னு நெனச்சேன். ஆழம் அவங்களுக்குப் புதுசுதானே.

இதுல என் தப்பு எங்க இருக்கு? ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் நல்லா இருக்கேன்னாங்க. தண்ணிக்குள்ள ஒருத்தர் சொல்றதை நம்பித்தான் ஆகணும். இல்லேன்னு காட்டியிருந்தா நான் மேல கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? ஏன் காட்டல? அவங்ககிட்டதான் கேக்கணும்.

பாறை இடுக்குல ஒரு பெரிய களவா மீன் இருந்துச்சு, அதைக் காட்டலாம்னு போனேன். பின்னாடி டங்கு டங்குன்னு சத்தம். வெண்மதி சிலிண்டரைத் தட்டறா. டீச்சர் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மேல போறேன்னு கட்டை விரலைக் காட்டறா. டைவை முடிக்கறது லீடர் வேலை. அசிஸ்டெண்ட் வேலை இல்ல. வேணாம்னு கையை ஆட்டினேன். அவ என்னைப் பாக்கக்கூட இல்ல. டீச்சர் விரலு மரத்துப் போயி, சூட்டுக்கு மேல மாட்டற மெதப்புச் சட்டையில காத்து விடற பட்டனைக்கூட அமுத்த முடியலயாம். அவளே புடிச்சு அமுத்தி, மெதுவா ஏத்தி, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிறுத்தி, மேல கொண்டு போனா. முறைப்படிதான் செஞ்சா, அதை நான் இல்லேன்னு சொல்லல. நான் பசங்களோட டைவை முழுசா முடிச்சிட்டுத்தான் வந்தேன். அதுவும் முறைதான்.

மேல வந்தா, படகுல டீச்சரைத் தார்பாய்ல சுத்தி வச்சிருக்காங்க. ஏகாம்பரத்தோட லுங்கி, துண்டு, வெண்மதியோட அஞ்சு எம்எம், அவ குல்லா, எல்லாம் அவங்க மேல. வெண்மதி வெறும் பனியனோட அவங்களைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. டீச்சர் பேச முயற்சி பண்றாங்க, வரல. பல்லு மட்டும் அடிச்சுக்குது. பசங்க கெழக்கையும் மேக்கையும் பாக்கறானுங்க. கரைக்கு இன்னும் அம்பது நிமிஷம்.

அப்பத்தான் வெண்மதி என்னைப் பார்த்தா. என் கழுத்தைப் பார்த்தா. நான் சிலிண்டரை எறக்கிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கலாம்னு கழுத்து ஜிப்பை நாலு விரக்கடை எறக்கியிருந்தேன். சத்தமே இல்லாம சொன்னா.

"அண்ணே, உள்ள இன்னொண்ணு போட்டிருக்கீங்க. அதைக் கழட்டிக் குடுங்க."

இங்கதான் சார் விஷயத்தை நீங்க சரியாப் புரிஞ்சுக்கணும். மூணு எம்எம் சூட்டுக்கு உள்ள நான் கையில்லாத ஒரு ரப்பர் பனியன் போடறது உண்டு. மூணு வருஷமா. வீட்டுலயே போட்டுக்கிட்டு மேல சட்டை மாட்டிட்டு வந்துடுவேன். ஒளிச்சு வைக்கணும்னு இல்ல. உள்ள என்ன போட்டிருக்கோம்னு ஊர் பூராவும் சொல்லிக்கிட்டா திரியறோம்? நாப்பத்தெட்டு வயசு. தெனம் பத்து சிலிண்டர் தூக்கற ஒடம்பு. முதுகுக்கு ஒரு பிடிப்பு வேணும்ல. அதுக்குத்தான். அன்னிக்கும் அதைத்தான் சொன்னேன்.

"அது முதுகு வலிக்குப் போட்டது."

நான் சொன்னது படகுல எல்லாருக்கும் கேட்டுச்சு. பசங்க, ஏகாம்பரம், எல்லாருக்கும். டீச்சர் தார்பாய்க்குள்ளேருந்து என்னையே பார்த்தாங்க. வெண்மதி கொஞ்ச நேரம் கைய நீட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் மடக்கிக்கிட்டா. நான் ஜிப்பை மேல ஏத்தி விட்டுட்டேன். முதுகு வலிக்குப் போட்டதைப் பாதியில கழட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

முன்பக்கம் போயி கரையைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டேன். அலை ஜாஸ்தி, ஏகாம்பரத்துக்கு வழி பாத்துச் சொல்ல ஆள் வேணும்ல. அவரு முப்பது வருஷமா அதே வழியிலதான் வர்றாரு, இருந்தாலும். இஞ்சின் போடற சத்தத்துல பின்னாடி எதுவும் கேக்காதுன்னு நெனச்சேன். கேட்டுச்சு சார். அந்தப் பல்லு சத்தம் அம்பது நிமிஷமும் கேட்டுச்சு. இப்பவும் சில நேரம் இந்த ரூம்ல தனியா இருக்கறப்ப, ஹேங்கர் ஒண்ணோட ஒண்ணு மோதினா எழுந்திரிச்சுப் பார்ப்பேன்.

டீச்சருக்கு ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் போர்வை போட்டுப் படுக்க வச்சு, சூடா குடிக்கக் குடுத்து அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். புகார்னு ஒரு வரி எழுதிக் குடுக்கல. வெண்மதியும் பனியனைப் பத்தி முதலாளிகிட்ட மூச்சு விடல. ஏன் விடல? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்.

பசங்கதான் போட்டுக் குடுத்தானுங்க. மறுநாள் முதலாளி கூப்பிட்டாரு. கிருபாகரன்னு பேரு, சத்தம் போடற ஆளு இல்ல. சத்தம் போட்டாப் பரவாயில்ல, நாமளும் போடலாம். முதுகு வலியா தேசிங்குன்னாரு. ஆமாங்கன்னேன். எத்தனை நாளான்னாரு. மூணு வருஷமாங்கன்னேன்.

"மூணு வருஷமா முதுகு வலியை வச்சுக்கிட்டு ஆளுங்களைத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கே. ஒருத்தர் மயங்கினா தூக்கிட்டு வர்றவன் நீதான். வலி இருந்தா சூட் ரூம்ல உட்காரு. வலி இல்லேன்னா சொல்லு, நாளைக்கே படகுக்குப் போ."

மடக்கறாரு பாருங்க. வலி இல்லேன்னு சொன்னா, அப்ப அந்தப் பனியன் எதுக்குன்னு வரும். வலிதாங்கன்னு சொல்லிட்டு இங்க வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுவாரமே டீச்சர் திரும்ப வந்தாங்க, கோர்ஸை முடிக்க. அஞ்சு எம்எம் சொந்தமாவே வாங்கிட்டு வந்திருந்தாங்க. வாசல்ல நின்னு, முதுகு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. இருக்குதுங்க டீச்சர்னேன். அந்தப் பனியன் போட்டா தேவலாமான்னாங்க. ஆமாங்கன்னேன். அப்ப தெனமும் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க. குத்திக் காட்டறவங்க மூஞ்சி அப்படி இருக்காது. அதுக்கப்புறம் எப்ப வந்தாலும் அதே கேள்வி, நானும் அதே பதில்.

இன்னிக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. இப்ப லீடரா இருக்கற வெண்மதி லீவுல போறா, அவங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாளைக்குப் படகுக்கு லீடர் இல்ல. முதலாளி, டீச்சர், வெண்மதி மூணு பேரும் இந்த வாசல்ல வந்து நின்னாங்க. டீச்சரும் நாளைக்கு உங்களோட வர்றவங்கதான். அவங்கதான் பேச்சை எடுத்தாங்க.

"தேசிங்கு சார் கூட்டிட்டுப் போனா நான் வர்றேன். முதுகு சரியாயிடுச்சான்னு மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தாரு. வெண்மதி தரையைப் பார்த்தா. சரியாயிடுச்சு. ஒரு வார்த்தை சார். பதினோரு மாசமா நான் தண்ணியில எறங்கல. ராத்திரி படுத்தா, தண்ணிக்குள்ள ரெகுலேட்டர்ல மூச்சு விடற சத்தம் காதுக்குள்ள கேக்குது. கேட்ட ஒடனே ஓடிப் போயி படகுல ஏறிடணும்போல இருந்துச்சு. வாயைத் தொறந்தேன். அந்த டீச்சர் மூஞ்சியில ஒரு சிரிப்பு. அன்னிக்குப் பாய் தலகாணின்னப்ப சிரிச்சாங்களே, அதே சிரிப்பு. எனக்கு எல்லாம் தெரியும், நீ சொல்லவே வேணாம்ங்கற மாதிரி. இவங்க என்ன என்னை மன்னிக்கறது? நான் என்ன தப்பு பண்ணேன்?

இன்னும் வலிக்குதுங்கன்னு சொன்னேன்.

அப்புறம் முதலாளி சென்னைக்கு போன் போட்டாரு. நாளைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறவன் அங்கேருந்து வர்றான். இந்தக் கடல்ல அவன் கால் வச்சதுகூட இல்ல. அதனால நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க. எழுந்திரிங்க. கையைத் தூக்குங்க. இந்தாங்க, அஞ்சு எம்எம். மூணு இல்ல, அஞ்சு. உங்க ஒடம்புக்கு மூணு ஆகாது. கழுத்துல இறுக்கமா இருக்கணும், ஆனா மூச்சு முட்டக்கூடாது. முதுகுல பை மாதிரி தொங்கக்கூடாது, தொங்கினா தண்ணி பூந்து பூந்து வெளியில வரும், அஞ்சு போட்டும் வேஸ்ட்டு. ஈயக்கட்டி ரெண்டு கிலோ கூடக் கேளுங்க. குளிர ஆரம்பிச்சா, நல்லா இருக்கேன்னு வட்டம் காட்டாதீங்க. யாரு சிரிச்சாலும் சரி, கட்டை விரலை மேல காட்டுங்க. பதினெட்டு மீட்டருக்குக் கீழ அப்படியே நெஞ்சுக்குள்ள எறங்கும் அந்தக் குளிரு. வெலா எலும்பெல்லாம் நடுங்கும். மேல வந்து வெயில்ல நின்னாலும் சாயங்காலம் வரைக்கும் போகாது.

எனக்கு எப்படித் தெரியும்னா, சொல்றாங்க. கேள்விப்பட்டதுதான்.

என்ன சார் திரும்பவும் கழுத்தையே பாக்கறீங்க? ஆமா, போட்டிருக்கேன். இந்தச் சட்டைக்கு உள்ள இருக்கறது அதேதான். முதுகு வலிக்குப் போட்டது, கடல்ல இருந்தா என்ன, தகர ஷீட்டுக்குக் கீழ இருந்தா என்ன? பதினோரு மாசமா ஒரு நாள் விடாம போட்டுக்கிட்டுத்தான் வர்றேன். சித்திரையில கத்திரி வெயில்லயும் கழட்டல. சும்மா போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்னு எவனும் சொல்லிடக்கூடாதுல்ல. வேர்க்குரு வந்துச்சு, பவுடர் போட்டுக்கிட்டேன்.

கெளம்புங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. போறப்ப அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டுப் போங்க சார். யாராச்சும் கேட்டா, நீங்கதான் திருப்பினீங்கன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு வேர்த்துச்சுன்னு.